தோட்டத்துப் பெண்ணும் வாக்குச் சீட்டும்

பிரித்தானியரின் ஆசியக் குடியேற்ற நாடுகளுள் சர்வசன வாக்குரிமையை முதன்முதலிற் பெற்ற நாடு இலங்கை என்று நாம் பெருமை பேசுவது வழக்கம். 1931 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்குச் சாவடிக்குச் சென்றார்கள். பிரித்தானியப் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வாக்குரிமை பெற்று அப்போது மூன்றே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பிரான்சின் பெண்கள் இன்னும் பதினான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. பாடப் புத்தகங்களிலும் சுதந்திர தின மலர்களிலும் இந்தச் செய்தி தவறாமல் இடம்பெறும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் நானும் அத்தகைய மலர்கள் பலவற்றுக்கு எழுதியிருக்கிறேன்; பலவற்றைத் தொகுத்தும் இருக்கிறேன்.

பெருமை பொய்யன்று. ஆயினும் அந்த வாக்குரிமையின் கதையை எங்கிருந்து சொல்லத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து அதன் முகம் மாறிவிடுகிறது. கொழும்பின் கறுவாத் தோட்டத்து மாளிகைகளிலிருந்து தொடங்கினால் அது ஒரு வெற்றிக் கதை. தேயிலை மலையின் லயக் காம்பராவிலிருந்து தொடங்கினால், கொடுக்கப்பட்டு, பறிக்கப்பட்டு, பங்கு பிரிக்கப்பட்டு, மீண்டும் கொடுக்கப்பட்ட ஒன்றின் கதை. இக்கட்டுரையில் இரண்டாவது இடத்திலிருந்தே பார்க்க விரும்புகிறேன். பெண்களுக்கு அரசியலில் இடம் இல்லையே என்று இன்று நாம் அங்கலாய்க்கும்போது, எந்தப் பெண்களுக்கு என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. விந்தை என்னவென்றால், இந்நாட்டுப் பெண்களின் வாக்குரிமை வரலாறே அந்தக் கேள்வியுடன்தான் ஆரம்பித்தது.

1927 ஆம் ஆண்டின் இறுதியில் டொனமூர் பிரபுவின் தலைமையில் அரசியற் சீர்திருத்த ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அப்போது நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ நான்கு விழுக்காட்டினருக்கே வாக்குரிமை இருந்தது. படிப்பும் சொத்தும் உடைய ஆண்களுக்கு மட்டும். ஆணைக்குழு வந்த சூட்டோடு கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் நிறுவப்பட்டது. அதில் முன்னின்றவர்களுள் ஒருவர் அக்னஸ் டி சில்வா. பறங்கியர் குடும்பத்தில் பிறந்து, கண்டியின் அரசியல்வாதியான ஜோர்ஜ் ஈ. டி சில்வாவை மணந்தவர். மற்றொருவர் டாக்டர் மேரி இரட்ணம். கனடாவிலே பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து, இலங்கையையே தம் நாடாக்கிக் கொண்டவர். சிங்கள, தமிழ், பறங்கிக் குலப் பெண்மணிகள் பலர் இவர்களுடன் இருந்தார்கள். எல்லோரும் வசதி படைத்தவர்கள். ஆங்கிலத்தில் வாதாட வல்லவர்கள்.

இவர்கள் ஆணைக்குழுவின் முன் சென்றபோது கேட்க எண்ணியது வரையறுக்கப்பட்ட வாக்குரிமையைத்தான். கல்வித் தகைமையோ சொத்துத் தகைமையோ உள்ள பெண்களுக்கு வாக்கு என்பதே அவர்களது கோரிக்கை. அக்னஸ் டி சில்வா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபடி, அப்போது டொனமூர் பிரபு அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண் கூலிகளுக்கும் வாக்கு வேண்டும் என்கிறீர்களா? அக்னஸ் தயங்கவில்லை. ஆம், அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்தில் விடை கூறினார்.

இந்த விடையை நான் பல முறை யோசித்துப் பார்த்ததுண்டு. கேட்க வந்தது ஒன்று. கேள்வி பிறந்ததும் சொன்னது வேறொன்று. அந்தக் கணத்தில் அப்பெண்மணி கணக்குப் பார்த்துப் பேசியிருந்தால் “அது பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லியிருப்பார். இந்நாட்டு அரசியல்வாதிகள் பின்னர் நூற்றுக்கணக்கான முறை சொன்ன விடை அதுதான்.

அதே காலத்தில் நம் தமிழ்த் தலைவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண் கல்விக்கு ஆற்றிய தொண்டை யாரும் மறுக்க முடியாது. 1913 இல் அவர் நிறுவிய இராமநாதன் மகளிர் கல்லூரி இன்றும் யாழ்ப்பாணத்தின் பெருமைகளுள் ஒன்று. ஆனால் அதே இராமநாதன் பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதைக் கடுமையாக எதிர்த்தார். சர்வசன வாக்குரிமையையே எதிர்த்தார். உயர்குடியினரல்லாதார் கையில் வாக்குப் போவதையும் அவர் விரும்பவில்லை. டொனமூர் திட்டத்தைத் தடுப்பதற்காகத் தள்ளாத வயதில் இலண்டன் வரை சென்று வந்து, 1930 நவம்பரில் காலமானார். பெண்ணுக்குக் கல்வி வேண்டும், கருத்து வேண்டாம் என்ற நிலைப்பாடு அவரோடு முடிந்துவிடவில்லை என்பது வாசகர்கள் அறிந்ததே.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு சுவையான திருப்பமும் நிகழ்ந்தது. டொனமூர் திட்டம் பூரண சுயராச்சியத்தை வழங்கவில்லை என்பதற்காக யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அறைகூவல் விடுத்தது. வடக்கின் நான்கு தொகுதிகளில் வேட்புமனுவே தாக்கலாகவில்லை. 1934 இல் இடைத்தேர்தல் நடந்த பின்னரே அவை நிரம்பின. ஆகவே இலங்கையின் பெண்கள் 1931 இல் வாக்களித்தார்கள் என்று பொதுவாகச் சொல்லும்போது, யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பெண்கள் அதில் அடங்கார். கொள்கைக்காகச் செய்த பகிஷ்கரிப்பு அது. அந்த வாலிபர்களின் இலட்சியத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் முதன்முதலாகக் கையிற் கிடைத்த வாக்கை அந்தப் பெண்கள் பயன்படுத்தலாமா கூடாதா என்பதை ஆண்களின் அமைப்பு ஒன்றே தீர்மானித்தது.

நிற்க. மலையகத்துக்கு வருவோம்.

ஆணைக்குழு தனது அறிக்கையை 1928 இல் வெளியிட்டது. பெண்களுக்கு 30 வயதில் வாக்கு என்று அது பரிந்துரைத்தது. பிரித்தானியாவில் 1918 இல் செய்யப்பட்டிருந்த ஏற்பாட்டின் நகல் அது. பின்னர் 21 ஆகக் குறைக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தமட்டில் ஐந்தாண்டு வதிவு போதும் என்றது அறிக்கை. சட்டநிரூபண சபையின் சிங்களத் தலைவர்கள் பலர் இதைக் கேட்டுக் கொதித்தெழுந்தார்கள். தோட்டத் தொழிலாளர் எல்லோரும் வாக்காளரானால் மலைநாட்டுத் தொகுதிகள் இந்தியர் வசமாகிவிடும் என்பது அவர்களது அச்சம். இறுதியில் ஒரு சமரசம் எட்டப்பட்டது. நிரந்தர வதிவிடத்தை நிரூபிப்போர், கல்வி அல்லது சொத்துத் தகைமை உடையோர், நிரந்தரமாகக் குடியிருக்கப் போவதாக உறுதிமொழி கொடுத்துச் சான்றிதழ் பெறுவோர் ஆகியோருக்கே வாக்கு என்றாயிற்று. அந்த நிபந்தனைகளுடன் 1929 டிசம்பரில் சட்டநிரூபண சபை டொனமூர் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆதரவாக 19, எதிராக 17. இரண்டே வாக்குகள்.

அக்னஸ் டி சில்வா சொன்ன “எல்லாப் பெண்களும்” என்ற சொல் சட்டமாகும்போதே இவ்வாறு சுருங்கிவிட்டது. ஆயினும் 1931 இல் ஏறத்தாழ ஒரு இலட்சம் இந்திய வம்சாவளியினர் வாக்காளராகப் பதிவு பெற்றனர். பின்வந்த ஆண்டுகளில் அத்தொகை பெருகியது. தோட்டத்துப் பெண்ணும் வரிசையில் நின்றாள்.

அவள் யார் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோப்பிக் காலத்தில் மலைக்கு வந்தவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். அறுவடைக்கு வந்து அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். கோப்பியை நோய் அழித்துத் தேயிலை வந்ததும் நிலைமை மாறிற்று. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். பறிப்பதற்குப் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்தார்கள். பெண் நிலையாகக் குடியேறியபின்னரே மலையகம் என்றொரு சமூகம் உருவாயிற்று. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறுபவள் அவள். நிறுவைக்குக் கொழுந்து போதாவிட்டால் அரைப் பேர்தான். அதாவது அரை நாட் சம்பளம். மாலையில் வீடு திரும்பினால் அடுப்பும் தண்ணீர்க் குடமும் காத்திருக்கும். அவளது சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ போய் வாங்கி வருவதும் பல தோட்டங்களில் வழக்கமாயிருந்தது.

1927 இல் நிறைவேறிய இந்தியத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டபோது, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று வகுக்கப்பட்டது. வாக்குச் சாவடியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 1931 இல் சமத்துவம் வந்தது. கொழுந்து மடுவத்தில் அது வருவதற்கு 1984 ஆக வேண்டியிருந்தது. இடையில் 53 ஆண்டுகள். இத்தனைக்கும் தேயிலைத் தொழிலின் உயிர்நாடி கொழுந்து பறிக்கும் அந்தக் கைகளே.

அந்த நாட்களில் மலையகப் பெண்ணை அரசியல் மேடைக்கு அழைத்து வந்தவர்களில் மீனாட்சி அம்மாளை மறக்க முடியாது. பத்திரிகையாளரும் தொழிற்சங்க முன்னோடியுமான கோ. நடேசய்யரின் துணைவியார். கூட்டங்களில் முதலில் அவர் பாடுவார். பாட்டைக் கேட்டுச் சனம் கூடும். பின்னர் பேச்சு நடக்கும். தொழிலாளருக்கு விளங்கும் மெட்டில், சம்பளத்தையும் கங்காணியின் கடனையும் துரையின் அதிகாரத்தையும் பற்றிப் பாடினார். நடேசய்யர் சட்டசபைக்குச் சென்றார். மீனாட்சி அம்மாளை அனுப்பலாம் என்ற எண்ணம் அக்காலத்தில் யாருக்கேனும் தோன்றியதாகத் தெரியவில்லை.

அரசாங்க சபைக்குச் சென்ற முதற்பெண் யார்? அடலின் மொலமுறே. 1931 நவம்பரில், தந்தை மீதெனிய அதிகார் இறந்ததால் வெற்றிடமான ருவான்வெல தொகுதியில் வென்றார். இரண்டாவது பெண் நேசம் சரவணமுத்து. 1932 இல், கணவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து தேர்தல் வழக்கில் ஆசனத்தை இழந்தபோது, அதே கொழும்பு வடக்கில் நின்று வென்றார். இருவரும் திறமைசாலிகள், அதில் ஐயமில்லை. ஆனால் வாசல் திறந்த விதத்தைக் கவனியுங்கள். தந்தையின் மரணம் ஒன்று. கணவரின் பதவியிழப்பு மற்றொன்று. அந்த வாசல் அதன்பின்னும் நெடுங்காலம் அவ்வாறே திறந்தது. 1960 இல் உலகின் முதற் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க சுட்டுக்கொல்லப்பட்ட கணவரின் இடத்திற்கே வந்தார். சுதந்திரத்தின் பின்னர் பாராளுமன்றம் சென்ற முதல் தமிழ்ப் பெண்ணாகக் கருதப்படும் ரங்கநாயகி பத்மநாதன், துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காகிப் பின்னர் இறந்த சகோதரர் கனகரத்தினத்தின் இடத்திற்கு 1980 இல் நியமிக்கப்பட்டார். வன்னியில் இராஜமனோகரி புலேந்திரனும் யாழ்ப்பாணத்தில் விஜயகலா மகேஸ்வரனும் கொல்லப்பட்ட கணவர்களின் பின்னே வந்தவர்கள். யாழ்ப்பாணத்தின் மேயர் சரோஜினி யோகேஸ்வரன் 1989 இல் கணவரைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தார். 1998 இல் மேயரான சில மாதங்களிலேயே தாமும் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இந்தப் பெண்களைக் “குடும்ப அரசியல்” என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. நான் அவ்வாறு ஒதுக்க மாட்டேன். செத்தவீட்டின் ஈரம் காயுமுன் வேட்புமனுவில் கையொப்பமிடுவது எவ்வளவு பெரிய மனத்திடத்தைக் கோரும் என்பதைத் தொழில் நிமித்தம் நேரில் கண்டவன் நான். என் ஆதங்கம் கட்சிகளின் மீதானது. அனுதாப வாக்கு வேண்டியபோது மட்டும் அவை பெண்ணைத் தேடின. தகப்பனோ கணவனோ அரசியல்வாதியாக இல்லாத பெண்ணுக்கு, கொல்லப்பட்டவனின் விதவை என்ற வாசல்கூட இல்லை. தோட்டத்துப் பெண் அவ்வகையைச் சேர்ந்தவள்.

போகட்டும். வாக்காவது அவளிடம் இருந்ததா?

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஆறு ஆசனங்களைக் கைப்பற்றியது. வேறு பல தொகுதிகளில் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரிகளின் பக்கம் சாய்ந்தன. சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே, 1948 இல், பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டுப் பிரசைகளுக்கே வாக்கு என்றாயிற்று. சுமார் ஏழு இலட்சம் பேர் நாடற்றவராயினர். இடதுசாரிகள் எதிர்த்து வாக்களித்தார்கள். தமிழ்க் காங்கிரசுக்குள் பிளவு ஏற்பட்டது: ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையிற் சேர்ந்து அடுத்த சட்டத்தை ஆதரித்தார். செல்வநாயகம் வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இவையெல்லாம் நூறு முறை எழுதப்பட்ட வரலாறு.

குறைவாக எழுதப்பட்ட செய்தி ஒன்று உண்டு. 1948 சட்டத்தின்படி இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு அவரது தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்று சட்டம் கேட்கவில்லை. திருமணத்திற்குப் புறம்பாகப் பிறந்த பிள்ளைகளின் விடயத்தில் மட்டுமே தாய் கணக்கில் எடுக்கப்பட்டாள். தாயும் அவளைப் பெற்றவளும் அதே தோட்டத்தில் பிறந்து, அதே மலையில் கொழுந்து பறித்திருந்தாலும், தகப்பன் திருச்சியிலோ சேலத்திலோ பிறந்திருந்தால் பிள்ளை நாடற்றது. இச்சட்டத்தை இனவாதச் சட்டம் என்கிறோம், சரியே. அது ஆண்வழிச் சட்டமுமாகும். இலங்கைத் தாய் தன் பிள்ளைக்குத் தன் பிரசாவுரிமையைத் தடையின்றி வழங்கும் உரிமை 2003 இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின்னரே கிடைத்தது. இதனால் பாதிக்கப்பட்டவர்கள் மலையகத்தார் மட்டுமல்லர். வெளிநாட்டவரை மணந்த சிங்களப் பெண்களும் யாழ்ப்பாணப் பெண்களும் இதே கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை ஆண்டுகளில் இரண்டு பெண்கள் பிரதமராயினர், ஒருவர் சனாதிபதியுமானார்.

நாடற்றவர்கள் விண்ணப்பிப்பதற்கென 1949 இல் கொண்டுவரப்பட்ட இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும் குடும்பத் தலைவனையே நோக்கியது. திருமணமானவர் ஏழாண்டும், மணமாகாதவரும் கைம்பெண்ணும் பத்தாண்டும் தொடர்ச்சியாக இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். கணவன் விண்ணப்பித்தால் மனைவியும் பிள்ளைகளும் இங்கேயே வசித்திருக்க வேண்டும். பிரசவத்துக்கோ, தாய் சாகக் கிடக்கிறாள் என்றோ ஊருக்குப் போனவள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் தொடர்ச்சி அறுந்தது. குடும்பத்தின் விண்ணப்பமும் ஆட்டங்கண்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பிரசாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

பின்னர் பங்கு பிரித்தல். 1964 அக்டோபர் 30 ஆம் திகதி சிறிமாவோ, லால் பகதூர் சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 மனிதர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம் என்று எழுதினார்கள். அந்தப் “பிறகு” 1974 சனவரியில் வந்தது. ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். இம்முறை மேசையின் இருபுறமும் இருந்தவர்கள் பெண்கள்: இலங்கையின் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க, இந்தியாவின் பிரதமர் இந்திரா காந்தி. இரு பெண் பிரதமர்கள் சந்தித்து ஒப்பந்தம் செய்தது உலகுக்கு ஓர் அதிசயமாக இருந்திருக்கும். எந்த 75,000 இல் தான் அடங்குகிறாள் என்று தெரியாத தோட்டத்துப் பெண்ணுக்கு அதில் அதிசயிக்க என்ன இருந்தது? நாட்டின் தலைமையில் ஒரு பெண் அமர்வதும், நாட்டின் பெண்கள் வாழ்வு சீர்படுவதும் வெவ்வேறு விடயங்கள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டிக்கு மலையக மக்கள் “ஒப்பாரிக் கோச்சி” என்று பெயரிட்டார்கள். வண்டி ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கும்போதும் எழுந்த அழுகுரலால் வந்த பெயர் அது. தாய்க்கு இந்தியக் கடவுச்சீட்டு, மணமாகிப் போன மகளுக்கு இலங்கைப் பிரசாவுரிமை என்றவாறு குடும்பங்கள் பிளந்தன. மணமான பெண் கணவனின் பத்திரத்தைப் பின்தொடர்ந்தாள். பெற்றவர்கள் இங்கே இருந்தாலும் அவள் கப்பலேறினாள். 1984 இல் போரினால் கப்பல் நின்றது. போகவேண்டியவர்களில் பலர் போகாமலே இங்கே தங்கினார்கள்.

1980களின் சட்டங்களால் பெரும்பாலானோர் பிரசைகளாயினர். மிச்சம் இருந்தவர்களுக்காக 2003 இல் இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் தோட்டம் தோட்டமாக நடமாடும் சேவைகளை நடத்தினார்கள். பத்து நாட்களை ஒட்டிய காலத்தில் 1,90,000 பேர் வரை பத்திரம் பெற்றனர். அவற்றுள் ஹற்றனுக்கு அப்பால் நடந்த ஒன்றுக்கு நான் சென்றிருந்தேன். தோட்டப் பாடசாலையின் வாங்குகளை வெளியே போட்டுப் படிவம் நிரப்பினார்கள். வரிசையில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி. ஓய்வுபெற்ற கொழுந்துக்காரி. அவரும் அவரது தாயும் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர்கள். தகப்பன் மட்டும் துறையூர்ப் பக்கமிருந்து வந்தவர். அலுவலர் மைப் பெட்டியை நகர்த்தினார். “கைநாட்டு வேணாங்க ஐயா, கையெழுத்தே போட்டுக்கிறேன்” என்றார் அந்த அம்மா. பேரப்பிள்ளையிடம் மூன்று மாதமாக எழுதிப் பழகியிருக்கிறார். எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. வரிசையில் நின்ற ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

“முன்னே எப்போதாவது வாக்களித்திருக்கிறீர்களா அம்மா?” என்று கேட்டேன். தன் தாய் ஒரு தடவை போட்டிருக்கிறாள் என்றும், அதற்காகப் புதுச் சேலை கட்டிக்கொண்டு போன கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள் என்றும் சொன்னார். 1947 ஆக இருக்கலாம்.

வாக்கு மீண்டும் கையில் வந்தபின் அதனால் என்ன கிடைத்தது என்று கேட்பது நியாயமே. இங்கே ஒரு சட்ட வேடிக்கையைச் சொல்ல வேண்டும். பிரதேச சபைகளை உருவாக்கிய 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை பணம் செலவிடுவதைத் தடுத்து வைத்திருந்தது. தோட்டம் தனியார் நிலம் என்பது காரணம். தோட்டத்துப் பெண் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம். உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். அந்த உறுப்பினர் அவளது லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு கூடைக் கல் கொட்ட முடியாது. பிள்ளை பெற நோவெடுத்தவளைக் கம்பளியில் கட்டித் தூக்கிப் பிரதான வீதிக்குக் கொண்டுவந்த கதைகள் மலையகத்தில் எத்தனை! இந்தப் பிரிவு 2018 இல்தான் திருத்தப்பட்டது.

அதே 2018 இல்தான் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 விழுக்காடு ஒதுக்கீடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அம்மன்றங்களில் பெண்கள் இரண்டு விழுக்காடுகூட இல்லை. ஒரே தேர்தலில் ஏறக்குறைய இரண்டாயிரம் பெண்கள் உறுப்பினர்களானார்கள். பெரிய மாற்றந்தான். ஆனால் சட்டத்தின் நுணுக்கத்தைப் பார்க்க வேண்டும். வட்டாரங்களில் நேரடியாக நிற்போரில் பத்தில் ஒருவர் பெண்ணாக இருந்தாற் போதும். மேலதிகப் பட்டியலில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். எனவே பெரும்பாலான பெண்கள் பட்டியல் வழியாகவே உள்ளே வந்தார்கள். பட்டியலில் இருந்து யாரை அனுப்புவது என்பதைத் தீர்மானிப்பவர் கட்சிச் செயலாளர். “உனக்கு வட்டாரம் இல்லை, நீ பேசாதே” என்று ஆண் உறுப்பினர்கள் சபையிலேயே ஏளனம் செய்ததாகப் பெண் உறுப்பினர்கள் பலர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்கள். அபிவிருத்தி நிதி ஒதுக்கும்போதும் இதே பேச்சு. ஆயினும் நான் ஒதுக்கீட்டுக்கு ஆதரவானவன். அரைக் கதவாவது திறந்ததால்தான் உள்ளே சென்று சண்டை பிடிக்க முடிகிறது.

பாராளுமன்றத்தில் அத்தகைய ஒதுக்கீடு எதுவும் இல்லை. பெண்களின் பங்கு நெடுங்காலமாகப் பெரும்பாலும் ஆறு விழுக்காட்டுக்குக் கீழேயே கிடந்தது. 2024 நவம்பர் 14 ஆம் திகதித் தேர்தலில் அது பத்து விழுக்காட்டை அண்மித்தது. ஹரிணி அமரசூரிய பிரதமரானார். தந்தை, கணவர், சகோதரர் எவரது இடத்துக்கும் வராத முதற் பெண் பிரதமர் அவர். நுவரெலியா மாவட்டத்தில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளை மாவட்டத்தில் அம்பிகா சாமுவேலும் தேசிய மக்கள் சக்தியின் சார்பில் வென்றார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் இலங்கைப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானது அதுவே முதற்தடவை. சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் மாத்தறையில் தமிழ்ப் பெண்ணான சரோஜா சாவித்திரி போல்ராஜ் வென்று, மகளிர் மற்றும் சிறுவர் விவகார அமைச்சருமானார். டொனமூர் பிரபுவின் கேள்விக்கு அக்னஸ் டி சில்வா விடை கூறி ஏறக்குறைய 97 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அவர்களது கட்சியை நான் இங்கே புகழவில்லை. அதன் ஆட்சியை எடைபோட இது இடமுமன்று. மலையகத்தின் பழைய கட்சிகளையே நோக்கிக் கேட்கிறேன். சந்தா கொடுத்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். வேலை நிறுத்தம் என்றால் மலையை விட்டு இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் பெண்கள். “மாதர் அணி” என்று ஒன்றை எல்லாச் சங்கங்களும் வைத்திருந்தன. மே தின ஊர்வலத்தில் சேலை ஒரே நிறத்தில் இருக்க அது உதவிற்று. எத்தனை தேர்தல்களில் எத்தனை பெண்களின் பெயரை வெல்லக்கூடிய இடத்தில் அந்தத் தலைவர்கள் போட்டார்கள்?

இனி வருங்காலத்துக்குரிய கேள்விகள் பெரிய மேடைகளில் இல்லை என்று நினைக்கிறேன். லயத்தை உடைத்துத் தனி வீடு கட்டிக் கொடுக்கும் திட்டங்கள் அரசுக்கு அரசு தொடர்கின்றன. காணிக்கு உறுதி வழங்குகிறார்கள். அந்த உறுதியில் கணவனின் பெயர் மட்டுமா, மனைவியின் பெயரும் இருக்குமா என்று மலையகப் பெண்கள் அமைப்புகள் கேட்டு வருகின்றன. “குடும்பத் தலைவர்” என்றால் ஆண் என்று படிவம் நிரப்பும் பழக்கம் 1948 இல் இருந்ததுதான். குடித்து வீட்டை விற்கப் புறப்படும் கணவனைத் தடுக்க, உறுதியில் தன் பெயர் இல்லாதவளால் என்ன செய்ய முடியும்? பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் பெண் பிள்ளை அடுத்து எங்கே போகிறாள் என்பது இன்னொரு கேள்வி. கொழும்பில் வீட்டு வேலை, ஆடைத் தொழிற்சாலை, வளைகுடா நாடு என்று வழிகள் கண்முன்னே கிடக்கின்றன. 2021 இல் மலையகத்திலிருந்து வேலைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு சிறுமி தீக்காயங்களுடன் இறந்தபோது சில வாரங்கள் நாடே பேசியது. அதே வாரங்களில் தரகர்கள் தோட்டங்களுக்குப் போய் வருவதை நிறுத்தியதாக நான் கேள்விப்படவில்லை.

அண்மையில் தலவாக்கலைப் பக்கத்தில் ஓர் ஆசிரியையுடன் பேசிக்கொண்டிருந்தேன். லயத்தில் பிறந்து படித்து வந்தவர். அவரது வகுப்பில் க.பொ.த. உயர்தரத்துக்குப் படிப்போரில் பெண்களே அதிகம் என்றார். பையன்கள் எங்கே என்று கேட்டேன். “கடைக்கு, கொழும்புக்குப் போயிட்டாங்க சேர். பொம்பளப் புள்ளைங்கதான் விடாமப் புடிச்சுக்கிட்டு நிக்குதுங்க” என்றார். மழைக்காலத்தில் அந்தப் பிள்ளைகள் மேற்பிரிவிலிருந்து பாடசாலைக்கு வரும் பாதை நாலு மைல். அதைச் செப்பனிடுமாறு பிரதேச சபைக்கு அவர்களே கடிதம் எழுதியிருக்கிறார்கள். கடிதத்தின் பிரதியை எனக்குக் காட்டினார். கீழே முப்பத்தொரு கையெழுத்துகள் இருந்தன.